மாடித் தோட்டம் கேள்வி பதில்: பதினேழு அடியிலேயே நின்றுவிட்ட ஹோஸ்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துணி ஹோஸைப் பற்றித்தான். வெயில் ஏற ஏற, பூவாளி தூக்கித் தூக்கி எல்லாருக்கும் தோள்பட்டை வலி வந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் கறிவேப்பிலைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

அக்கா, மூன்று மடங்கு நீளும் என்று சொன்னார்களே என்று 50 அடி துணி ஹோஸ் வாங்கினேன். எங்கள் மாடியில் அது 17 அடியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, சேலம்

ஏமாறவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தாத ஹோஸை வாங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். நானும் இதே தவறைச் செய்தவள்தான்.

துணி ஹோஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று சுருங்கி விரிவது. உள்ளே ரப்பர் குழல், மேலே சுருக்கம் சுருக்கமாகப் பாலியஸ்டர் உறை. தண்ணீரின் அழுத்தத்தில் உள்குழல் பலூன் மாதிரி உப்பி நீளும். உறை முழுதாக விரிந்ததும் அதற்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று நீளாதது. தீயணைப்பு வண்டியில் சுருட்டி வைத்திருப்பார்களே, அதற்குத் தங்கச்சி. கெட்டியாக நெய்த துணி, உள்பக்கம் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் இல்லாதபோது நாடா போலத் தட்டையாகக் கிடக்கும்.

நீங்கள் வாங்கியது முதல் வகை. 50 அடி என்பது விரிந்த பிறகு உள்ள நீளம். விரியாவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுதான் உங்கள் 17 அடி. அது முழுதாக விரியப் பொதுவாக 3 பார் அழுத்தம் வேண்டும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 1 பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்தில் நிற்கிற தண்ணீரின் அழுத்தம். அப்படியானால் 3 பாருக்குத் தொட்டி 100 அடி உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீடு திருவானைக்காவலில். மாடியில் நின்றால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். அது 236 அடி. அதன் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டினால்தான் என் ஹோஸ் ஒழுங்காக நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரங்கநாதர் மன்னிக்கட்டும்.

நம் மாடியில் உள்ள நிலைமை என்ன? மூன்றடித் தூண், அதன்மேல் நாலடித் தொட்டி, மாடித் தரையிலிருந்து ஓரடியில் குழாய். தொட்டி நிரம்பியிருந்தாலே குழாய்க்கு மேல் ஆறடித் தண்ணீர்தான். அது 0.2 பார்கூட இல்லை. தொட்டி பாதியானால் நாலடி. அதில் பலூன் எங்கே உப்பும்?

திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் தரைத்தளத்தில் பிரஷர் பம்ப் வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். 3 பார் இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு நீளும்.

அப்படியென்றால் மாடிக்கு எந்த ஹோஸ், எத்தனை அடி? கடையில் 10, 25, 50, 100 என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள்.
– மாடித் தோட்டக்காரர், நாகர்கோவில்

கடைக்குப் போகுமுன் குழாயடிக்குப் போங்கள். 10 லிட்டர் வாளியை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். எனக்கு 50 வினாடி. அதே குழாயில் பழைய 50 அடி அரை அங்குலப் பச்சை ஹோஸை மாட்டி, அதன் முனையில் வாளியை வைத்தால் இரண்டு நிமிடத்துக்கும் மேல். வழியெல்லாம் உராய்ந்து உராய்ந்தே தண்ணீரின் வேகம் செத்துவிடுகிறது. இப்போது வைத்திருப்பது 15 அடி, முக்கால் அங்குலம், நீளாத நெய்த துணி. அதில் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அழுத்தம் குறைந்த இடத்தில் நீளத்தைக் குறைப்பதும் வாயை அகலமாக்குவதும்தான் வழி. அதிலும் அகலத்துக்கு வலு அதிகம். நீளமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், அரை அங்குலத்தில் வருவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் முக்கால் அங்குலத்தில் வரும்.

நீளத்தை அளக்க டேப் வேண்டாம், துணி காயப்போடும் கொடிக்கயிறு போதும். குழாயில் ஒரு முனையைக் கட்டி, செடித் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி நீங்கள் நடக்கிற வழியிலேயே கடைசிச் செடிவரை இழுத்துப் போங்கள். நேர்கோட்டில் அளந்தால் ஹோஸ் கத்தரிச் செடியின் கழுத்தில் மாட்டி நிற்கும். அளந்ததற்கு மேல் மூன்றடி சேர்த்தால் போதும். என்னிடம் 62 குரோ பேக் (செடி வளர்க்கும் பை) இருக்கின்றன. எல்லாவற்றையும் குழாயை நடுவில் வைத்து அரைவட்டமாக அடுக்கிய பிறகுதான் 15 அடியில் வேலை முடிந்தது. ஹோஸை நீட்டுவதைவிடச் செடியை நகர்த்துவது மலிவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. நின்றுகொண்டு ஹோஸ் முனையை இடுப்பு உயரத்தில் பிடித்தால், உங்களிடம் இருக்கிற ஆறடி அழுத்தத்தில் இரண்டடி அங்கேயே போச்சு. முனையைப் பையின் விளிம்போடு வைத்து ஊற்றுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். துப்பாக்கி மாதிரி விசை வைத்த முனையும் வேண்டாம். அதற்கு அழுத்தம் வேண்டும், மாடியில் அது எச்சில் மாதிரித்தான் துப்பும். பெரிய துளைகள் உள்ள பூவாளி முனை போடுங்கள், இல்லை உங்கள் கட்டைவிரலே இருக்கிறது.

நெய்த துணி ஹோஸ் இந்த அழுத்தத்தில் முழு உருண்டையாக நிற்காது. முனைப் பக்கம் சற்றுத் தட்டையாகத்தான் கிடக்கும். தண்ணீர் வரும், கவலை வேண்டாம். ஆனால் மடிந்தால் அடைத்துக்கொள்ளும். முக்கியமாகக் குழாய் வாயிலேயே தொங்கி மடியும். அந்த இடத்தில் ஓர் எல்போ (வளைந்த இணைப்பு) போட்டுவிட்டால் சரியாகிவிடும். கனமில்லை, பையை இழுத்துக் கவிழ்க்காது, வெயிலில் விறைக்காது, சுருட்டினால் காய்கறிக் கூடைக்குள் அடங்கிவிடும். இதற்காகவே பச்சை ஹோஸை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் பழைய பித்தளைக் குழாய். மரையே கிடையாது. ஹோஸோடு வந்த இணைப்பு எதிலும் சேரவில்லை.
– ஒரு வாசகர், காரைக்குடி

மரை இருந்தாலும் சில சமயம் சேராது. இணையத்தில் வருகிற ஹோஸ் பலவற்றில் அமெரிக்க மரை இருக்கும், ஓர் அங்குலத்துக்கு 11½ சுற்று. நம் முக்கால் அங்குலக் குழாய் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. முதல் இரண்டு சுற்று ஏறி, அப்புறம் கோணிக்கொண்டு நிற்கும். பலம் கொடுத்துத் திருகாதீர்கள், பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும்.

உங்களுக்கு எளிய வழி, குழாயையே மாற்றுவது. ஹார்ட்வேர் கடையில் ‘ஓஸ் மாட்டுற குழாய்’ என்று கேட்டால், மூக்கில் வரி வரியாகப் படி வைத்த குழாய் தருவார்கள். கையோடு ஒரு ஸ்டீல் கிளிப்பும் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளைக் குழாயை மாற்ற மனம் வரவில்லை என்றால் (எனக்கும் வராது), வாய்க்கு வெளியே ரப்பரோடு கவ்விப் பிடிக்கிற இணைப்பு கிடைக்கிறது. மாடி அழுத்தத்துக்கு அது தாங்கும். பிரஷர் பம்ப் வீட்டில் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஒழுகினால் முதலில் வாஷரைப் பாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அது காணாமல் போயிருக்கும்.

நீளும் ஹோஸ் நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்றாம் மாதம் மத்தியானம் பட்டாசு மாதிரி வெடித்தது. பம்ப் அழுத்தம் அதிகமா?
– வாசகி, ஓசூர்

அழுத்தத்தைவிடப் பழக்கம்தான் காரணமாக இருக்கும். முனையை மூடிவிட்டுக் குழாயைத் திறந்தபடி விட்டுப் போயிருப்பீர்கள். உப்பிய ரப்பர் அப்படியே வெயிலில் கிடந்திருக்கும். வெயிலும் சூடும் ரப்பருக்கு எமன். முதலில் குழாயை மூடுங்கள், அப்புறம் முனையைத் திறங்கள். ஹோஸ் தானாகச் சுருங்கி, உள்ளே இருக்கிற தண்ணீரையும் பீய்ச்சித் தள்ளிவிடும். அந்தத் தண்ணீருக்கென்று ஒரு செடியை ஒதுக்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அது துளசி.

சித்திரை வெயிலில் எந்த ஹோஸிலும் தேங்கிய தண்ணீர் கொதிக்கும். 25 அடி அரை அங்குல ஹோஸுக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு நிற்கும். முதல் சொம்பை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். நேரே ஊற்றினால் நாற்று வதங்கிவிடும்.

துணி உறை கறுத்து, ஈர வாடை அடிக்கிறது.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊர்க் காற்றுக்கு அது கறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துணி தேய்க்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், நூல் இற்றுப்போகும். வேலை முடிந்ததும் ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, கைவழியே நழுவவிட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் அதே இடத்தில் மடிந்து மடிந்து வெடிக்கும். ஒரு பழைய சின்ன வாளியைச் சுவரில் பக்கவாட்டில் அறைந்து, அதன்மேல் சுற்றிவைத்திருக்கிறேன். மாடிப்படி நிழலில் இருக்கிறது. அணில் மட்டும் வந்து கடித்துப் பார்த்துவிட்டுப் போகும்.

பஞ்சகவ்யத்தை ஹோஸ் வழியாகவே கொடுக்க முடியுமா?
– இயற்கை விவசாய ஆர்வலர், திண்டுக்கல்

வேண்டவே வேண்டாம். வடிகட்டினாலும் சக்கை பூவாளி முனையை அடைக்கும், துணியில் ஏறிய வாடையும் போகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று கலந்து, வாளியும் குவளையுமாகக் கொடுங்கள்.

வாளியில் கலக்கும்போது ஹோஸ் முனையை உள்ளே மூழ்கவிடாதீர்கள். இது என் சொந்தக் கதை. பச்சை ஹோஸ் காலம். பஞ்சகவ்ய வாளிக்குள் ஹோஸைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கீழே போய்விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தொட்டி கழுவ வந்த பிளம்பர் தம்பி தொட்டியடி கேட் வால்வை மூடியிருக்கிறார். கீழே குளியலறையில் என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்தார். மேலிருந்து தண்ணீர் வர வழியில்லாததால், குழாய் வாளியிலிருந்து உறிஞ்சிக்கொண்டது. தலைக்குச் சீயக்காய் போட்டிருந்த மனிதர் மேல் பஞ்சகவ்யம். “அம்மா, ஐயா கத்துறாரு” என்று பிளம்பர் தம்பி மேலிருந்து குரல் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. குழாய்களை மூன்று தடவை அலசினோம். வாசம் ஒரு வாரம் இருந்தது.

துணி ஹோஸ் உறிஞ்சும்போது தட்டையாகி ஓரளவு அடைத்துக்கொள்ளும்தான். அதை நம்பிச் சோதனை செய்ய வேண்டாம். முனை வாளி விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே இருக்கட்டும்.

ஓட்டை விழுந்தால் ஒட்டலாமா?
– வாசகி, பெயர் வேண்டாம், விருதுநகர்

நெய்த வகையை ஒட்டாதீர்கள், வெட்டுங்கள். ஓட்டை விழுந்த இடத்தை இரண்டு அங்குலம் எடுத்துவிட்டு, நடுவில் இணைப்புக் குழல் செருகி, இருபுறமும் கிளிப் போட்டு இறுக்கினால் இன்னும் சில வருடம் ஓடும். வெட்டிய நூல் பிரியாமலிருக்க ஓரத்தை ஊதுவத்தி நெருப்பில் லேசாகக் காட்டுங்கள்.

நீளும் வகையில் உள்குழல் கிழிந்தால் முடிந்தது. டேப் சுற்றுவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எல்லாம் நான் செய்து பார்த்தாகிவிட்டது, பயனில்லை. ஆனால் மேலுறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியைக் குச்சியோடு கட்ட அதைவிட மெத்தென்ற கயிறு கிடைக்காது, தண்டை அறுக்காது. என் பழைய 50 அடி இப்போது ஒன்பது தக்காளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.