தேநீர் இருக்கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய தேநீர்க் கடைகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அலுவலக வேலையாக ஹாங்காங் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி ஒரு கடைக்குப் போனேன். யாரும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு முதியவர்கள் உட்கார்ந்திருந்த மேசையைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எதிரே இருந்தவர் கடைசிவரை செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை. தள்ளுவண்டி வந்ததும் எல்லோரும் எழுந்து ஓடிப்போய் மொய்த்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு தட்டு கோழிக்கால், தொடையல்ல, பாதம். அதையும் சாப்பிட முடியாமல் வைத்துவிட்டேன். பில்லில் நான் கேட்காத தேநீருக்கும் காசு. மறுநாள் ஒரு மாலில் அதே டிம் சம் தின்பண்டங்களை நிம்மதியாகச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் பழைய கடைகளில் அப்படி என்ன இருக்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ருசியிலிருந்தே தொடங்குகிறேன். மாலில் சாப்பிட்டது ருசியாக இருந்தது என்கிறீர்கள். நம்புகிறேன். ஹா காவ் என்ற இறால் கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பசைத்தன்மை நீக்கிய கோதுமை மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, எண்ணெய் தடவிய வெட்டுக்கத்தியின் பக்கவாட்டால் அழுத்தி வட்டமாக்கி, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாக வைத்து மூடுவார்கள். வெந்ததும் உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். இதைப் புதிய உணவகங்கள் பல பழைய கடைகளைவிட மெல்லியதாகச் செய்கின்றன. உணவுக்காக மட்டும் போவதென்றால் நீங்கள் மாலுக்குப் போனதுதான் சரி.

ஆனால் அந்த ஊரில் டிம் சம் சாப்பிடப் போகிறேன் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். யாம் சா என்பார்கள், தேநீர் குடிப்பது. (நம் சாயாவில் இருக்கும் 'சா'வும் இந்தச் 'சா'வும் ஒரே சொல்தான்.) தென்சீனாவின் குவாங்சௌ நகரத்தில் இன்னும் அழகாக, தான் சா என்பார்கள். 'தான்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் பெருமூச்சு. அந்தப் பகுதியின் கான்டனீஸ் பேச்சில் அது ஆற அமர அனுபவிப்பது என்று ஆகிவிட்டது. காலையில் ஒருவர் அங்கே வருவது அந்தப் பெருமூச்சுக்காகத்தான். தின்பண்டம் அதற்குத் துணை. யாட் சுங் லியோங் கின், 'ஒரு கோப்பை, இரண்டு உருப்படி' என்பது அவர்களுடைய பழைய வழக்கு. கோப்பை முதலில் வருகிறது, கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குவாங்சௌவின் சுமைதூக்கிகளும் கூலிக்காரர்களும் வேலைக்குப் போகுமுன் மர முக்காலியில் உட்கார்ந்து குடித்த மலிவான கடைகளிலிருந்து வந்த பழக்கம் இது. மாடி வைத்த பெரிய தேநீர் மாளிகைகள் அப்புறம் வந்தவை.

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காமல் காசு போட்டார்களே, அதற்கு ஒரு பெயர் உண்டு: சா வாய். 'தேநீர் இருக்கை' என்று பொருள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தக் காசைக் கொடுத்துவிட்டால் நாற்காலி உங்களுடையது. ஒரே கோப்பையில் வெந்நீரை மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டு காலை முழுக்க இருக்கலாம். ஹாங்காங்கில் வீடுகள் எவ்வளவு சிறியவை என்று பத்து நிமிடம் நடந்தாலே தெரியும். கால் நீட்ட இடமில்லாத வீட்டிலிருந்து வரும் ஒரு முதியவருக்கு அந்த நாற்காலிதான் திண்ணை.

அந்தத் திண்ணையில்தான் உங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சேர்ந்து உட்காருவதைத் தாப் தோய் என்பார்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அதன் மரியாதை. செய்தித்தாளைத் தாழ்த்தாத அந்தப் பெரியவர் உங்களை அவமதிக்கவில்லை. உங்களைத் தினமும் வருகிறவர்போல விட்டுவிட்டார். இதை எனக்குப் புரியவைத்தது ஹாங்காங்குக்கு அருகிலுள்ள மக்காவ் நகரம்.

அங்கே சிவப்புச் சந்தைக்குப் பக்கத்தில் லுங் வா என்று ஒரு தேநீர்க் கடை, 1962-இல் தொடங்கியது. படியேறிப் போனால் திறந்த ஜன்னல்கள், பழைய மர இருக்கைகள். பரிமாற ஆள் வர மாட்டார். மூங்கில் கூடைகளை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், வெந்நீரையும் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியாது. முன்னால் இருந்த கெண்டியில் இலை மட்டும் கிடந்தது. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எழுந்து வந்து என் கெண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெந்நீர் பிடித்து வந்து வைத்தார். திரும்பிப் போய்த் தன் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஒரு சொல் பேசவில்லை, என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நான் விரல்களை மடக்கி மேசையை இரண்டு தட்டு தட்டினேன். அது அவர்களுடைய நன்றி. மாறுவேடத்தில் போன சியன்லுங் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடும் என்று அவன் விரல்களை மடக்கி மண்டியிட வைத்தான் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தத் தட்டல் போதுமானதாக இருந்தது. செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு தலையசைப்பு தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்று என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துவிட்டது.

தள்ளுவண்டிக் கூட்டம் எனக்கும் பிடிக்காது, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில், ஏழு மணிக்கு முன்னால் போங்கள். நெரிசலே வேண்டாம் என்றால் ஹாங்காங்கின் ஸ்டான்லி தெருவில் இப்போது இருக்கும் லுக் யூ தேநீர்க் கடை, 1933-இல் தொடங்கியது, அமைதியான இடம். செலவு கூடுதல்.

உட்கார்ந்ததும் என்ன இலை என்று கேட்பார்கள். போலே என்று சொல்லுங்கள். கருப்பாக, மண் வாசனையோடு வரும், கொழுப்பான பண்டங்களுக்கு ஏற்றது. முதல் ஊற்றைக் குடிக்காதீர்கள், அதில் கோப்பையையும் குச்சிகளையும் அலசுவார்கள். மூடி போட்ட கிண்ணம் வந்தால் பயப்பட வேண்டாம். விளிம்பைக் கட்டைவிரலும் நடுவிரலும் பிடிக்க, ஆட்காட்டி விரலால் மூடியைச் சற்றே நகர்த்தி அழுத்திச் சாய்த்தால் இலை உள்ளேயே நிற்கும். முதல் தடவை விரல் சுடும். தண்ணீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், மூடியைத் திறந்து வைத்தால் கெட்டிலோடு வருவார்கள்.

அப்புறம், அந்தக் கோழிக்கால். நீங்கள் தொடாமல் வைத்துவிட்டு வந்தது எனக்கு வருத்தம். எண்ணெயில் பொரித்து, தோல் உப்பும்படி நீரில் ஊறவைத்து, புளிக்கவைத்த கருப்புச் சோயா அவரையோடு ஆவியில் வேகவைத்தது அது. ஒரு தட்டுக்கு அத்தனை வேலை. கடித்துத் தின்பதல்ல, வாயில் வைத்து உறிஞ்சினால் தோல் தானாக வரும். எலும்பை மெல்லத் தட்டில் துப்பலாம், அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடுத்த முறை அதையே கேட்டு வாங்குங்கள், கூடவே ஒரு ஹா காவ். உருப்படி இரண்டும் ஆயிற்று.

அன்புடன்.