"வேணாண்ணே" என்று தம்பி சொன்ன பிறகு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி, சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பெரியப்பச்சி மகன் டி.எம். ஆக இருந்து டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துவார். 2014 புத்தகத்தின் விதிகள். நான் விஸர்ட் (மந்திரவாதி), கல்லூரியில் படிக்கும் என் தம்பி ஃபைட்டர் (போர்வீரன்). இப்போது லெவல் 8-க்கு வந்துவிட்டோம். என் இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன்) 18, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 13. இன்டெலிஜென்ஸை 20 ஆக்கிக்கொள்ளவா, வார் காஸ்டர் ஃபீட் எடுக்கவா, ரெசிலியன்ட் எடுக்கவா? பிள்ளையார் நோன்புக்குக் கூடியபோது, தம்பி மேல் நான் போட்டிருந்த ஹேஸ்ட் என்னும் வேக மந்திரம், ஒரு காப்ளின் எய்த அம்பு என்மேல் பட்டதில் உடைந்துவிட்டது. இரண்டு அரக்கர்களுக்கு நடுவில் அவன் அடிபட்டு விழுந்து, பிறகு பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து "எனக்கு ஹேஸ்ட் வேணாண்ணே" என்கிறான். அதை விடுங்கள், கணக்குப்படி எது லாபம்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: "அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன். உங்கள் நீண்ட கடிதத்தில் நான் பதில் சொல்ல வேண்டிய வரி அது ஒன்றுதான். இதே கேள்வி கடைப் பங்கு, வீட்டுப் பங்கு என்று வேறு வேறு உருவங்களில் எனக்குப் பல முறை வந்திருக்கிறது. எழுதுகிறவருடைய கணக்கு எப்போதும் தெளிவாக இருக்கும்; அந்தக் கணக்கில் அடிபட்டவர் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் வந்து போவார்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். மந்திரவாதியாக ஆடுபவர் 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களை எட்டும்போது தம் திறன் எண்களில் மொத்தம் 2 கூட்டிக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்தும் டி.எம். அனுமதித்தால் அதற்குப் பதிலாக ஃபீட் என்னும் தனித்திறமை ஒன்றை எடுக்கலாம்.

இனி ஹேஸ்டுக்கு வருவோம். அதிமதுர வேரின் சீவல் ஒன்றைக் கொண்டு போடப்படும் அந்த மூன்றாம் நிலை மந்திரம், முப்பது அடிக்குள் நிற்கும் ஒருவருடைய வேகத்தை இரட்டிப்பாக்கி, அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸை 2 உயர்த்தி, அவருடைய ஒவ்வொரு முறையிலும் கூடுதலாக ஒரு தாக்குதலுக்கும் இடம் கொடுக்கிறது. அதிகபட்சம் ஒரு நிமிடம் நீடிக்கும். அதுவரை அதைத் தாங்கிப் பிடிப்பது போட்டவருடைய கான்சென்ட்ரேஷன், அதாவது மனக்குவிப்பு. அது உடைந்தால் போட்டவருக்கு ஒரு கீறலும் இல்லை. வாங்கிக்கொண்டவர்தான் தம் அடுத்த முறை கழியும் வரை நகரவும் முடியாமல், எதுவும் செய்யவும் முடியாமல் நிற்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பகடை உருண்டு, தூணடியில் முட்டி, 6 காட்டி நின்றதை அழகாக வர்ணித்திருக்கிறீர்கள். அரக்கர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது தம்பி தன் பொம்மையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவையும் பார்த்த கண்ணுக்கு, அதற்குப் பிறகு அவன் சொன்ன வார்த்தையின் கனம் ஏன் தெரியவில்லை?

விதிப்புத்தகத்தில் ஹேஸ்ட் பகுதியை இன்னொரு முறை திறந்து படியுங்கள். மனமொப்பிய ஒருவர் மேல் மட்டுமே அதைப் போடலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. "வேணாண்ணே" என்று சொன்னவன் மனமொப்பியவன் அல்லன். ஆகவே, உங்கள் கையிலிருக்கும் மந்திரங்களில் மிகச் சிறந்தது என்று நீங்கள் கருதுவதை, உங்களுக்கு முன்னால் நின்று சண்டை போடும் ஒரே ஆள் மேல் இனிப் போட முடியாது. அவன் மனம் மாறும் வரை ஹேஸ்டை வைத்து நீங்கள் போட்ட கூட்டல் எல்லாம் செல்லாக் கணக்கு.

சரி, எண்களையும் பார்த்துவிடலாம். இன்டெலிஜென்ஸை 20 ஆக்கினால், உங்கள் மந்திரத்தை எதிரி தடுக்க வேண்டிய எண் 15-லிருந்து 16 ஆகும். குறிபார்த்து ஏவும் மந்திரங்களுக்கும் 1 கூடும். கூடுதலாக ஒரு மந்திரத்தைத் தயார் செய்துகொள்ளலாம். ஃபயர்பால் என்னும் தீயுருண்டை மந்திரம் வீசுகிறவருக்கு இது நல்ல லாபம். தம்பி மேல் போடும் ஹேஸ்டுக்கோ இதனால் ஓர் அணுவளவும் பயனில்லை, ஏனென்றால் அந்த மந்திரம் உங்கள் இன்டெலிஜென்ஸ் எண்ணைப் பார்ப்பதே இல்லை. அடிபட்டால் கான்சென்ட்ரேஷனைக் காப்பாற்ற 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும். அந்த அம்பு செய்த சேதம் 5. எட்ட வேண்டியது 10. பகடையில் 6, உங்கள் கான்ஸ்டிட்யூஷன் தந்த 1, ஆக 7. உடைந்தது. ரெசிலியன்ட் என்பது ஒரு திறனில் 1 கூட்டி, அந்தத் திறனைக் கொண்டு தாக்குப்பிடிப்பதில் தேர்ச்சியும் தரும் ஃபீட். அதை எடுத்து கான்ஸ்டிட்யூஷனை 14 ஆக்கினால், அதன் 2-உடன் லெவல் 8-க்குரிய தேர்ச்சி 3-உம் சேர்ந்து 5 ஆகும். அதே 6 விழுந்திருந்தாலும் 11 வந்திருக்கும்; தம்பி நின்றிருப்பான்.

இன்று உங்களுக்கு அந்தப் பத்தை எட்டும் வாய்ப்பு 60 சதவீதம். ரெசிலியன்ட் அதை 80 ஆக்கும். இரண்டு பகடை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளச் சொல்லும் வார் காஸ்டர் 84 ஆக்கும். அந்த நாலைப் பார்த்து வார் காஸ்டர் பக்கம் சாயாதீர்கள். லெவல் 9-இல் தேர்ச்சி 4 ஆகும்போது ரெசிலியன்ட் 85-க்குப் போய்விடும், அதற்கு மேலும் வளரும். ஒற்றைப்படையில் வீணாகக் கிடக்கும் அந்த 13 இரட்டைப்படையாகி, லெவலுக்கு ஒன்றாக இப்போதே 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கூடும். இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது மந்திரம் போட உதவுவது வார் காஸ்டரின் இன்னொரு பயன். கேடயமும் வாளும் ஏந்தாமல் பின்னால் நிற்கும் உங்களுக்கு அதில் பாதி வீண். 2024 புத்தகத்தில் வார் காஸ்டரோடு இன்டெலிஜென்ஸில் 1 சேர்த்தே கொடுக்கிறார்கள் என்பதால், அந்த விதிகளில் ஆடுகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம். நீங்கள் ஆடுவது 2014 புத்தகம். ரெசிலியன்டையே எடுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடத்தை இன்னும் சொல்லவில்லை. ஃபைட்டருக்கு லெவல் 6-இலும் ஒரு தேர்வு உண்டு. அங்கே உங்கள் தம்பி சென்டினல் எடுத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தன்னைத் தாண்டி ஓடப் பார்க்கும் எதிரியை அடித்து அங்கேயே நிறுத்திவிடும் ஃபீட் அது. தன் அடியின் பலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். எதிரி உங்களிடம் வந்து சேரக்கூடாது என்பதற்கு அந்தத் தேர்வைச் செலவழித்திருக்கிறான். நீங்கள் லெவல் 4-இல் இன்டெலிஜென்ஸை 18 ஆக்கிக்கொண்டீர்கள், அதில் தவறில்லை. லெவல் 8-இலும் அதையே 20 ஆக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்களே, அவனிடம் கேட்டீர்களா?

நம் பக்கத்தில் கல்யாணமானவுடன் பிள்ளையை வேறு வைப்பார்கள். ஒரே வளவில் அடுப்பும் அரிசியும் செலவுக் கணக்கும் தனித்தனியாகப் போய்விடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ சண்டைகளை வராமலே தடுத்த ஏற்பாடு அது. ஆனால் தம்பிக்கு ஒன்று என்றால் அண்ணன் போய் நிற்க வேண்டும் என்ற கடமையை எந்த வீட்டிலும் பிரித்துக் கொடுத்ததில்லை. விளையாட்டுத்தானே என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். விளையாட்டில் தம்பியைக் கணக்கில் சேர்க்காதவர், நாளைக்கு வீட்டு விஷயம் பேச உட்காரும்போது மட்டும் சேர்ப்பார் என்று நான் நம்பவில்லை. உங்கள் தம்பி கத்தவில்லை, ஆட்டத்தை விட்டு எழுந்து போகவுமில்லை. "வேணாண்ணே" என்று மட்டும் சொன்னான். இளையவர்கள் அதற்கு மேல் சொல்லமாட்டார்கள், அதையும் கேட்காத மூத்தவரிடம் அடுத்த முறை அதைக்கூடச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பகடையை எடுப்பதற்கு முன் அவனிடம் பேசுங்கள். அன்றைக்கு உடைந்தது உங்கள் பிடி என்பதை, டி.எம். ஆக இருக்கும் அண்ணனும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். ரெசிலியன்டுக்கு அனுமதியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் அவன் ஹேஸ்ட் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதே மூன்றாம் நிலையில் வேகத்தைக் குறைக்கும் ஸ்லோ மந்திரம் இருக்கிறது. அதை எதிரிகள் மேல்தான் போடுவீர்கள். இடையில் உடைந்தாலும் எதிரி பழைய வேகத்துக்குத் திரும்புவானே தவிர, உங்கள் தம்பி கட்டிப்போட்டது போல் நிற்க மாட்டான். இன்டெலிஜென்ஸ் 20 லெவல் 12 வரை காத்திருக்கட்டும்.