பழைய டீசல் காரில் குறைந்த செலவில் கூடுதல் இழுவை: கேள்வி பதில்

பழைய டீசல் எஞ்சின்களைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும்தான் என் வேலை நாட்கள் பெரும்பாலும் போயிருக்கின்றன. "வண்டி இழுக்கவில்லை, பணமும் அதிகம் இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டவர்களின் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இங்கே. பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. எங்கே தவறு செய்தால் எஞ்சினே போய்விடுமோ அங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1.9 லிட்டர் டர்போ டீசல். 2,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மேடு வந்தாலே மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. சிப் போட்டால் சரியாகுமா?

எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் சிப் இருக்கட்டும் தம்பி. இதே வண்டி புதிதாக இருந்தபோது அந்த மேட்டை நான்காவது கியரில் ஏறியிருக்கும். அந்த இழுவை எங்கே போனது என்று முதலில் தேடுவோம். தொலைந்ததைத் திரும்ப எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான டியூனிங்.

காசே ஆகாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள வண்டி என்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, டீசல் பம்பின் லீவர் கடைசி நிறுத்தத்தில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்தோ, காலடியில் தடித்த மேட் கிடந்தோ, முக்கால் பங்குதான் திறக்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து டீசல் ஃபில்டர். குறைந்த ரேஸில் நன்றாக இருந்து, வேகம் ஏற ஏற மூச்சு முட்டினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் (டீசல் தாங்கும் வகை) போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ ஏர் பிடிக்கிறது என்று அர்த்தம். பழைய ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் வாஷர் மூன்றையும் மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிறகு காற்றின் பாதை. டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி. இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும், மேனிஃபோல்டு அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். எண்ணெய் ஈரம் திட்டாக இருக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கலாம். ரேஸ் கொடுக்கும்போது மட்டும் விரிகிற வெடிப்பு, நிற்கும் வண்டியில் கண்ணுக்குத் தெரியாது. டர்போவைக் கட்டுப்படுத்தும் சின்ன வேக்யூம் குழாய்களும் வெயிலிலும் சூட்டிலும் விறைத்து முனைகளில் பிளந்துவிடும். அவற்றை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு, கிடைக்கும் பலன் மிக அதிகம்.

இ.ஜி.ஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். புகைக்கரியும் கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிக்கூடு) வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி படிந்து, விரல் நுழையும் அளவுக்குத் துளை சுருங்கிய மேனிஃபோல்டுகளை நானே சுரண்டியிருக்கிறேன். ஒரு முழு நாள் வேலை, அழுக்கு வேலை. ஆனால் முடித்து ஓட்டும்போது வேறு வண்டி போல இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஓட்டி முடித்து இறங்கியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு தெரிந்தால் போதும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எஞ்சின் மேல் பழி போட வேண்டாம்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்துதான் என் வண்டி மந்தமாகிவிட்டது. மெக்கானிக் எல்லா மார்க்கும் சரியாக இருக்கிறது என்கிறார்.

பழைய ரோட்டரி பம்ப் (சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் பம்ப்) வண்டி என்றால் மார்க் மட்டும் போதாது. டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) வைத்துப் பம்பின் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து, எஞ்சின் கையேட்டில் சொன்ன மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். பம்ப் சற்றுத் திரும்பியிருந்தாலும் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சப்படும் நேரம், பின்தங்கிவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, சோம்பலான ரேஸ், சைலன்சரில் அதிகச் சூடு ஆகியவை அதன் அடையாளங்கள். மாறாக முந்திப்போனால் எஞ்சின் கடகடவென்று கடினமாகத் தட்டும். டயல் கேஜ் வைத்திருக்கும் பம்ப் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: பம்பின் பின்னால் இருக்கும் ஸ்குருவைத் திருப்பினால் பவர் ஏறும் என்கிறார்கள். உண்மையா சார்?

உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றை அளந்து விடுவார்கள். பழைய டீசலில் காற்று தன் இஷ்டத்துக்கு முழுதாக உள்ளே போகும், டீசலின் அளவை வைத்துத்தான் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும். பாஷ் கம்பெனியின் வி.இ வகை ரோட்டரி பம்பில் பின்பக்கம் இருக்கும் அந்த ஸ்குரு, முழு மிதியில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை முடிவு செய்கிறது. உள்ளே திருப்பினால் டீசல் கூடும்.

ஆனால் எரிக்கக் காற்று வேண்டுமே. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று தேவை. டீசல் கடைசி நேரத்தில் பீய்ச்சப்படுவதால் அவ்வளவு நேர்த்தியாகக் கலக்க நேரம் கிடைக்காது. நடைமுறையில் காற்று 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே கறுப்புப் புகை தெரிய ஆரம்பித்துவிடும். டர்போ இல்லாத வண்டியில் காற்றின் அளவு எஞ்சினின் கொள்ளளவோடு முடிந்துவிடுகிறது. கம்பெனி செட்டிங்கே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் அதில் ஸ்குருவைத் திருப்பினால் கிடைப்பது கொஞ்சம் இழுவை, நிறையப் புகை.

டர்போ வண்டியில் இடம் இருக்கிறது. அங்கேயும் அரைக்கால் சுற்று, அதாவது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். லாக் நட்டை இறுக்கி, ஓட்டிப் பார்த்து, புகையைப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஐட்லிங்கும் கூடவே ஏறும், அதை அதன் ஸ்குருவில் இறக்கிக்கொள்ள வேண்டும். கண்மூடித்தனமாகத் திருப்பினால் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் தானாக ரேஸ் ஆகி நிற்காமல் ஏறும் நிலைகூட வரும். தொடங்கும் முன் பழைய நிலையைப் பெயின்டால் கோடு போட்டுக் குறித்துவையுங்கள். திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

பம்பின் தலையில் டயஃப்ரம் (காற்றழுத்தத்தில் அசையும் தகடு) உள்ள டர்போ வண்டி என்றால் பின்பக்க ஸ்குருவை விட்டுவிட்டு அதைச் சரிசெய்வதே நல்லது. டர்போ அழுத்தம் வந்த பிறகு மட்டும் கூடுதல் டீசல் கொடுப்பது அதன் வேலை. அங்கே சரிசெய்தால் சாதாரண ஓட்டத்தில் புகையும் வராது, மைலேஜும் அவ்வளவாகக் குறையாது.

கேள்வி: கறுப்புப் புகை வந்தால்தானே நல்ல பவர்? எங்கள் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் செட் செய்திருக்கிறார்கள்.

இல்லை. கறுப்புப் புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி, எரியாமல் வெளியே விட்ட டீசல். அந்த நிலையைத் தாண்டினால் இழுவை ஏறாது, சூடுதான் ஏறும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உங்கள் பிஸ்டன் அலுமினியம். எண்ணெய் பட்டுக் குளிர்வதால்தான் அதைவிடச் சூடான வாயுவை அது தாங்குகிறது. டர்போவுக்கு முன்னால் அளக்கும் புகைச்சூடு 700 டிகிரியைத் தாண்டி நீண்ட மேட்டில் நின்றுகொண்டே இருந்தால் பிஸ்டன் தலை, வால்வ், டர்போ என்று வரிசையாகப் போகும். பம்பைத் தொடப் போகிறீர்கள் என்றால், புகைச்சூடு காட்டும் ஒரு மீட்டர் வாங்கிப் போடுங்கள். பளபளப்பான எந்தப் பாகத்தையும்விட அந்த மீட்டருக்குச் செய்யும் செலவு நியாயமானது.

அதோடு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருபவரும் மூச்சுவிட வேண்டும்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர் போடலாமா?

வேண்டாம். சுத்தமான சாதாரண பேப்பர் ஃபில்டரே இந்த எஞ்சின்களுக்குப் போதும். திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். கிரில் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய் கழன்று கிடந்தால் அதை மாட்டுங்கள்.

கேள்வி: ஒரு சென்சார் ஒயரில் மாட்டும் சின்ன டப்பா மலிவாகக் கிடைக்கிறது. பவர் 25 சதவீதம் ஏறும் என்று போட்டிருக்கிறது.

திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கும். வெப்ப சென்சாரை ஏமாற்றி, டீசல் கூடுதலாகப் போக வைக்கும் வேலை அது. இதில் கொஞ்சம் கெட்டிக்கார வகை, காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) அழுத்தம் குறைவாக இருப்பதாக எஞ்சின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி அழுத்தத்தை ஏற்றும். இழுவை தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் உண்மையான அழுத்தம் என்ன என்று இப்போது யாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. தேய்ந்த பம்ப், தேய்ந்த இன்ஜெக்டர் உள்ள பழைய வண்டியில் இதைச் செய்ய எனக்கு மனம் வராது.

கேள்வி: அப்படியென்றால் ரீமேப்? என்னுடையது 1.3 லிட்டர் காமன் ரெயில்.

எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால் டர்போ டீசலுக்குச் செலவிடும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது நல்ல ரீமேப்தான், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவது. 20 முதல் 30 சதவீதம் வரை ஏற்றம் சாதாரணமாகக் கிடைக்கும். டர்போ இல்லாத வண்டிக்கு இது பொருந்தாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின் 75 குதிரைத்திறனிலும் வந்தது, 90-லும் வந்தது. 90-க்குப் போக அவர்கள் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றவில்லை, டர்போவையே இறக்கைகளின் கோணம் மாறும் வகைக்கு மாற்றினார்கள். கம்பெனியே பாகத்தை மாற்றித்தான் அங்கே போனது என்றால், பாகத்தைத் தொடாமல் அதே இடத்துக்குப் போகும்போது ஒவ்வொரு பாகமும் தன் எல்லையருகில் வேலை செய்கிறது என்று பொருள். எனவே ரீமேப் செய்பவரிடம் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். குறைந்த ரேஸில் டார்க்கை (முறுக்கு விசை) அதிகம் ஏற்ற வேண்டாம், புகை எல்லையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஃபைலைச் சேமித்துத் தருவாரா என்றும் கேளுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரீமேப் செய்த மறுநாளே ஐந்தாவது கியரில் ரேஸ் மட்டும் ஏறுகிறது, வண்டி நகரவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் அதைக் கெடுக்கவில்லை, ஏற்கெனவே தேய்ந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது. மாற்றும் வரை உயர் கியரில் முழுதாக மிதிக்காதீர்கள். மிதித்தால் ஃப்ளைவீலும் சேர்ந்து எரியும்.

கேள்வி: டர்போவின் ஆக்சுவேட்டர் ராடைக் கொஞ்சம் இறுக்கினால் பூஸ்ட் ஏறுமே, அது இலவசம்தானே?

ஏறும். டர்போ கொடுக்கும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டை, கட்டுப்படுத்துவது அந்த ராடுதான். ஆனால் இந்த டர்போக்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. பழைய பேரிங்கோடு அதை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறீர்கள். முதலில் குழாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறக்கை சுவரில் உரசினால் பூஸ்ட் பேச்சே வேண்டாம். எண்ணெய் சீல் உடைந்தால் எஞ்சின் தன் சொந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும்.

எனக்கென்றால், அந்த உழைப்பை இன்டர்கூலரில் போடுவேன். பழையதைக் கழற்றி உள்ளே தேங்கிய எண்ணெயைக் கழுவுங்கள், வெளியே வளைந்த தகடுகளை நிமிர்த்துங்கள். பெரிய இன்ஜின் உள்ள அதே குடும்ப வண்டியின் இன்டர்கூலர் பழைய பாகமாகக் கிடைத்துப் பொருந்தினால் இன்னும் நல்லது.

கேள்வி: டர்போ இல்லாத டீசலில் டர்போ மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் குறைந்த செலவில் முடியாது. பிஸ்டனுக்கு எண்ணெய் பீய்ச்சும் ஜெட், ஹெட் கேஸ்கெட், பம்ப், குழாய்கள், கூலிங் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். அதே குடும்பத்தின் டர்போ எஞ்சினை முழுதாகப் பழையதாக வாங்கி மாற்றுவது மலிவு, சட்டப்படி பதிவு செய்ய முடிந்தால்.

கேள்வி: டீசலில் கொஞ்சம் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் கலந்தால்?

கூடாது. ரோட்டரி பம்புக்கு டீசல்தான் மசகு. அதன் வழவழப்பைக் குறைத்தால் பம்ப் உள்ளேயே தேய்ந்துவிடும்.

கேள்வி: டி.பி.எஃப் எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்கிறார்களே அண்ணா?

டி.பி.எஃப் என்பது சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அடைத்துக்கொண்டால் அது இழுவையைத் தின்னும், அது சரி. அதற்குத் தீர்வு சுத்தம் செய்வது, அது ஏன் அடைத்தது என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலும் ஒழுகும் இன்ஜெக்டர், சிக்கிய இ.ஜி.ஆர், அல்லது எப்போதும் குறுந்தூர ஓட்டம். அதை வெட்டி எறிவது பல நாடுகளில் குற்றம். அனுமதிக்கும் இடத்திலும் நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: டைனோவுக்குப் (வண்டியின் பவரை அளக்கும் இயந்திரம்) போகக் காசில்லை. பவர் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாரும் குறுக்கே வராத, மட்டமான நேர் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டி, முழுதாக மிதித்து, 80-ஐத் தொட எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் போனில் எண்ணட்டும். போகும்போது மூன்று தடவை, திரும்பும்போது மூன்று தடவை. காற்றும் சரிவும் அப்படித்தான் சமன் ஆகும். டேங்கில் டீசல் அளவு, உள்ளே ஆட்கள், டயர் காற்று எல்லாம் இரண்டு நாளும் ஒன்றாக இருக்கட்டும்.

எதையும் தொடுவதற்கு முன்பே ஒரு தடவை இப்படி எடுத்து எழுதிவையுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, திரும்ப அளந்து பாருங்கள். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று கடைசி வரை தெரியாது.