கொலிஜில பிரம்பு இல்லை, ஈமெயில் இருக்கு

தம்பி, மல்லாவியில இருந்து நீங்கள் எழுதினதைப் பார்த்தன். ஜனவரியில கனடாவில, ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில கொலிஜ் துவங்குது, அங்க ஒழுக்கம் எண்டு எதைப் பார்ப்பினம், சேர்மார் கடுமையோ, அப்பா ஊரில இருந்து மார்க்ஸ் கேட்கலாமோ, தாடி வைக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். நானும் புதுக்குடியிருப்புப் பக்கம் படிச்சு, பிறகு இங்க கொலிஜ் முடிச்சவன்தான்.

வகுப்புக்குள்ள இருக்கிற பழக்கவழக்கம் முதல் கிழமையே பிடிபட்டிடும். புரொபசர் வந்தா ஒருத்தரும் எழும்பமாட்டினம். கனபேர் அவரைப் பேர் சொல்லியே கூப்பிடுவினம். பிந்திப் போனா "உள்ள வரலாமோ சேர்" எண்டு வாசலில நிக்காமல் சத்தமில்லாமல் போய் இருக்கவேணும். கோப்பி கொண்டு போகலாம். இதைப் பார்த்திட்டு கட்டுப்பாடே இல்லை எண்டு நினைச்சிடாதேங்கோ. ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில 24 அரச கொலிஜ் இருக்கு, ஒவ்வொண்டும் தனக்கெண்டு நடத்தை விதி எழுதி வைச்சிருக்கு. ஒருத்தரும் ஏசமாட்டினம், பிரம்பு எடுக்கமாட்டினம். விதியை மீறினா ஒரு நாள் ஈமெயில் வரும்.

நான் பார்த்த அளவில எங்கட பெடியளுக்கு அந்த ஈமெயில் வாறது சண்டித்தனத்துக்கு இல்லை. பார்த்து எழுதினதுக்கு, இல்லாட்டி பார்த்து எழுதக் குடுத்ததுக்கு. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில ஒரு கொப்பியை நாலு பேர் சுத்தியிருந்து பார்த்துப் படிச்ச சனம் நாங்கள். கேட்டவனுக்குக் குடுக்காட்டி அதுதான் வெக்கம். ரியூசன் நோட்ஸை மனப்பாடமாக்கி அப்பிடியே எழுதினா ஏ.எல்.லில மார்க்ஸும் வரும். இங்க மூலத்தைச் சொல்லாமல் அப்பிடி எழுதினா அது களவு. சட்ஜிபிடி பாவிக்கலாமோ எண்டதும் பாடத்துக்குப் பாடம் மாறும்; துவக்கத்தில தாற கோர்ஸ் அவுட்லைனில இருக்கும், வாசியுங்கோ.

விசுவமடுப் பெடியன் ஒருத்தன் தன்ர அசைன்மென்ற்றைக் கூட இருக்கிறவனுக்கு வட்ஸப்பில அனுப்பினான். மற்றவன் பேரை மட்டும் மாத்திப் போட்டிட்டான். ரெண்டு பேருக்கும் கடிதம். அதுகூடப் பெரிசில்லை, விசாரணைக்குப் போய் இருந்த விதம்தான் பிழைச்சது. மரியாதைக்குத் தலையைக் குனிஞ்சுகொண்டு, கேட்ட எல்லாத்துக்கும் "யெஸ், யெஸ்" எண்டிருக்கிறான். அவன் நினைச்சது "சொல்லுறது விளங்குது" எண்டு. அவையள் எழுதினது "நானும் சேர்ந்துதான் செய்தன்" எண்டு ஒத்துக்கொண்டதா. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் கதைக்கிறது இங்க மரியாதையீனம் இல்லை. செய்யாததைச் செய்யேல்லை எண்டு சொல்லலாம். என்ன குற்றச்சாட்டு எண்டு எழுத்தில கேளுங்கோ. துணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டும் கேளுங்கோ. மாணவர் சங்கத்தில உதவிக்கு ஆள் கிடைக்கும். கூகிள் டொக்ஸில எழுதினா எப்ப எந்த வரி எழுதினது எண்ட வரலாறு கிடக்கும், அதைவிடச் சாட்சி வேண்டாம். மேன்முறையீட்டுக்கு நாள் கணக்கு இருக்கு. ஈமெயிலைத் திறக்காமல் விட்டா அந்த நாளும் போயிடும்.

அனேகமா முதல்தரம் எச்சரிக்கை, இல்லாட்டி அந்த வேலைக்குப் பூச்சியம். திரும்பவும் எண்டா பாடமே பெயில், பிறகு இடைநிறுத்தம். கனடாப் பிள்ளைக்கு அது ஒரு தவணை நட்டம். வெளிநாட்டில இருந்து வாற எங்களுக்கு ஸ்டடி பெர்மிற், அதுதான் படிக்கத் தாற அனுமதி, ஆட்டம் காணும், ஏனெண்டா பதிவில இருந்து படிச்சுக்கொண்டே இருக்கவேணும் எண்டது அதின்ர நிபந்தனை. வேலையும் அப்பிடித்தான்: 2024 நவம்பரில இருந்து, தவணை நடக்கேக்க கொலிஜுக்கு வெளியில கிழமைக்கு 24 மணித்தியாலம்தான். கையில காசு தாறன், கூடச் செய் எண்டு எங்கட ஆக்களே கூப்பிடுவினம். போகாதேங்கோ.

இன்னொண்டு, ஊரில சந்திக்குச் சந்தி நிண்டு பெட்டையளுக்குப் பின்னால சைக்கிளில திரியிறதைப் பகிடி எண்டுவினம். இங்க வேண்டாம் எண்ட பிறகு ஒரு மெசேஜ் போட்டாலே முறைப்பாடு போகும். நியாயமும் அதுதான்.

அப்பாட்டச் சொல்லுங்கோ, போன் எடுத்துக் கேட்டாலும் உங்கட சம்மதம் இல்லாமல் கொலிஜ் மார்க்ஸைச் சொல்லாது. காசு கட்டுற மனிசனுக்கு அது கோவமாத்தான் இருக்கும்; ஒவ்வொரு தவணையும் நீங்களாவே அனுப்பிவிடுங்கோ.

தாடியை ஒருத்தரும் பார்க்காயினம். வையுங்கோ, ஜனவரிக் குளிருக்கு உதவும். ஸ்னோ சப்பாத்தைக் கொழும்பில தேடாமல் இங்க வந்து வாங்குங்கோ.