கறிவேப்பிலைத் தொட்டி

அன்புள்ள ஐயா,
போன ஞாயிறு போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் ஒரு பட்டாம்பூச்சியைப் படமெடுத்தோம். ஓடிக்கொண்டே இருந்ததால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். கருப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளிகள். செயலி ‘ரோஜா அழகி’ என்கிறது, தோழி ‘கறிவேப்பிலை அழகி’ என்கிறாள். எது சரி? நல்ல செயலி எது? எங்கள் அடுக்குமாடிப் பக்கம் ஒரு பூச்சிகூட வருவதில்லை.
எஸ்., முலுண்டு

அன்புள்ள எஸ்.,

தோழி சொன்னதுதான் சரி. ரோஜா அழகிக்குத் தலையும் உடலின் பக்கங்களும் சிவப்பு. உங்கள் படத்தில் உடல் முழுக்கக் கருப்பு. அது கறிவேப்பிலை அழகியில் பெண் பூச்சி. ரோஜா அழகி புழுவாக இருக்கும்போதே ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று நஞ்சேற்றிக்கொள்ளும், பறவைகள் ஒதுங்கிவிடும். நஞ்சில்லாத இவள் அதே வேஷத்தில் தப்பிக்கிறாள். செயலியை விடுங்கள்.

ஆனால் இறக்கையைப் பிடித்தீர்களே, அது தவறு. விரலில் ஒட்டியதே ஒரு பொடி, அது அதன் செதில். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஒரு பெயர் தெரிந்துகொள்ள இதைச் செய்யலாமா? இனி தொடாதீர்கள்.

பெயர் வேண்டுமென்றால் எந்தச் செடியில் உட்காருகிறாள் என்று பாருங்கள். முட்டையிட வந்தவள் இலையை முன்னங்கால்களால் தட்டித் தட்டி ருசி பார்ப்பாள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை என்றால் இவள். ரோஜா அழகி அங்கே முட்டையிடவே மாட்டாள், அவளுக்கு ஈஸ்வரமூலிதான். மகாராஷ்டிரம் 2015இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக்கிய நீல மார்மனும் நாரத்தை வகையில்தான் வளர்கிறது.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பால்கனியில் அம்மா ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்தாள். பம்பாயில் அவளுக்கு இருந்த ஒரே நிலம் அது. இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்றைப் பார்த்துத் துடைக்கப் போனாள், அது நகர்ந்தது. நாலு நாளில் பச்சைப் புழுவாகி, தொட்டால் சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டி நாறியது. பாதிச் செடி போனது. தூக்கி எறியப் போனவளிடம் நான் அழுதேன். “சரி, சாம்பாருக்கு நாலு இலை விட்டுவைக்கச் சொல்லு” என்றாள். அடுத்த வாரம் இரண்டாவது தொட்டி வந்தது.

பூச்சி வரவில்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் கறிவேப்பிலை இருக்கும். அதற்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள்? கட்டட நிர்வாகம் மாதாமாதம் என்ன தெளிக்கிறது? அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது. அப்புறம் மழை பெய்ததும் இளந்தளிரின் மேல் மஞ்சளாய், கடுகைவிடச் சிறிதாய் ஒரு முட்டை இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கண்டால் எனக்கு எழுதுங்கள், படம் வேண்டாம்.