ஏற்காட்டு உத்தரத்தில் ஒட்டு விட்டுப்போனது பற்றி

வணக்கம் நண்பரே. சேலம் பட்டறையில் சில்வர் ஓக் பலகைகளை வெள்ளைப் பசையால் ஒட்டிய உத்தரம், ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஒட்டுவரி திறந்து தொய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அடியில் முட்டு கொடுங்கள், இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம்.

திறந்த இடத்தை உற்றுப் பாருங்கள். மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை பிடித்திருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. வழவழப்பாக, பளபளவென்று இருந்தால் பசை தோற்றுவிட்டது. உங்களுடையது இரண்டாவதாகத்தான் இருக்கும். வெள்ளைப் பசை நிரந்தரச் சுமையில் மெல்ல நழுவும். டப்பாவில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தாலும் உத்தரத்துக்கு ஆகாது. சேலத்து வெயிலில் காய்ந்த பலகை ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரம் குடித்து உப்பும்போது, அந்த இழுப்பும் ஒட்டுவரி மேல்தான் விழும்.

திறந்த வரிக்குள் பசையை ஊற்றி மூடிவிடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். உத்தரத்தையே மாற்றுங்கள். புதிதாக ஒட்டினால் ஃபீனால் ரிசார்சினால் பசையோ, கட்டுமானத் தரப் பாலியூரித்தேனோ கேளுங்கள். முன்னது கருஞ்சிவப்பு வரி விடும், ஆனால் ஈரத்துக்கு அசையாது. பின்னது நுரைத்து இடைவெளியை நிரப்பும். அந்த நுரைக்குப் பலம் கிடையாது. பலகையின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். இழைப்புளி போட்ட 24 மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். உத்தரத்தின் அளவைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தரட்டும்.