கல்ச்சர் ரிப்போர்ட் படிக்கிற பெண்ணுக்கு எதற்கு ஜார்ஜியா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். தகுதி மதிப்பெண் வந்தது, சீட் வரவில்லை. பெரியப்பா ஓர் ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டார். ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ்., மொத்தம் முப்பத்தைந்து லட்சம், கண்மாயை ஒட்டிய நிலத்தை விற்றால் சரியாகிவிடும் என்கிறார். மகளோ, “லேப் படிப்புக்குப் போறேன்” என்கிறாள். “மூத்திரத்தையும் சளியையும் தொடுற வேலைக்கா இவ்வளவு படிக்க வெச்சீங்க? நாளைக்கு யார் கட்டிக்குவா?” என்று சொந்தத்தில் பேச்சு. என்ன செய்யட்டும் என்பது அம்மாவின் கேள்வி.

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் நிலம் கைமாறிவிடும். நிலத்தை விற்காதீர்கள்.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்த கணக்கு பாதிக் கணக்கு. வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்ததும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வு, 300-க்கு 150 எடுத்தாக வேண்டும். சமீப வருடங்களில் பல முறை, எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. தேறினாலும் இங்கே இன்னும் ஒரு வருடப் பயிற்சி. டாக்டராகியே தீருவேன் என்று துடிக்கிற பிள்ளை இதையெல்லாம் தாங்கும். உங்கள் மகள் அப்படித் துடிப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. துடிப்பது பெரியப்பாதான்.

கடிதத்தின் ஓரத்தில் வேறொன்று எழுதியிருக்கிறீர்கள். அப்பத்தாவுக்கு நீர்க்கடுப்பு வந்து எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டை (சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்த்துத் தருகிற தாள்) இவள் இன்னும் எடுத்து வைத்திருக்கிறாள், அதில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ஆர், எஸ் என்று ஏன் போட்டிருக்கிறது என்று லேப்காரரிடமே போய்க் கேட்டாள் என்று. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

நர்சிங், பார்மசி, என்ஜினீயரிங் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது, விட்டுவிடுகிறேன். அந்த ரிப்போர்ட் எப்படி உருவானது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள், அப்பத்தாவின் சிறுநீரிலிருந்து ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் எடுக்கிற லூப்பால் (நுனியில் வளையமுள்ள கம்பி) தொட்டு, அகார் பிளேட்டில், அதாவது கிருமி வளர்க்கிற ஜெல்லித் தட்டில், கோடாக இழுத்திருப்பார்கள். இரவெல்லாம் 37 டிகிரி இன்குபேட்டரில் இருக்கும். மறுநாள் காலை பிளேட்டில் நூறு புள்ளிகள் வளர்ந்திருந்தால், ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா என்று கணக்கு. மெக்கான்கி என்கிற வகை அகாரில் புள்ளிகள் இளஞ்சிவப்பாக இருந்தால் அது லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையைச் செரிக்கிற கிருமி. ஈ.கோலையாக இருக்கலாம். கொழகொழவென்று இருந்தால் கிளெப்சியெல்லா என்று சந்தேகம் வரும். பச்சை நிறம் பரவி, திராட்சை மாதிரி ஒரு வாசனையும் அடித்தால் சூடோமோனாஸ். (வேண்டுமென்று முகர்ந்து பார்க்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் அதுவாகவே மூக்குக்கு வந்துவிடும்.)

சந்தேகம் ரிப்போர்ட் ஆகாது. 1884-இல் கிராம் என்கிற டேனிஷ் மருத்துவர் வெளியிட்ட சாயமுறைதான் இன்றைக்கும் முதல் படி. ஸ்லைடில் ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். ஊதாவாகவே நின்றால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பானால் நெகட்டிவ். ஆல்கஹாலைச் சில விநாடி கூடுதலாக விட்டால் ஊதாவும் வெளுத்து, ரிப்போர்ட் தலைகீழாகிவிடும். பிறகு சின்னச் சின்னச் சோதனைகள். இண்டோல் குழாயில் மேலே சிவப்பு வளையம் வந்து, சிட்ரேட் குழாய் பச்சையாகவே இருந்தால் ஈ.கோலை. சிட்ரேட் நீலமாக மாறி, யூரியேஸ் சோதனையும் பாசிட்டிவாக வந்தால் கிளெப்சியெல்லா பக்கம். கூடவே இன்னொரு பிளேட்டில் மருந்து வில்லைகளை வைத்து, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அதிலிருந்து வருவதுதான் மகள் கேட்ட எழுத்துகள். எஸ் என்றால் மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் மசியாது. மூன்றாம் நாள் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதியிருந்தால், அது லேபில் ஒருவர் வட்டத்தைச் சரியாக அளந்ததால்.

“இப்போதெல்லாம் மெஷினே சொல்லிவிடுமாமே” என்று யாராவது வருவார்கள். உண்மைதான். மால்டி-டாஃப் என்கிற கருவி, வளர்ந்த புள்ளியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் பெயர் சொல்லும். ஆனால் கலப்பில்லாத புள்ளியைப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஈ.கோலையையும், அதற்கு நெருங்கிய சொந்தமான ஷிகெல்லா கிருமியையும் பிரிப்பதில் அதுவே தடுமாறும். விலையும் அதிகம், நம் ஊர் லேப்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற கிருமி. சர்க்கரை நோய் உள்ளவர்களை, வயலில் இறங்குகிறவர்களை, மழைக்காலத்தில் அதிகம் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் உண்டு. லேபில் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தள்ளிவிடுவது நடக்கிறது. ஆனால் கொலிஸ்டின், ஜென்டாமைசின் என்கிற மருந்துகளுக்கு மசியாமல், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்கிற மருந்துக்குக் கட்டுப்பட்டால் அனுபவசாலி நிமிர்ந்து உட்காருவார். பிளேட்டைத் தூக்கிப் போடாமல் இன்னும் இரண்டு நாள் வைப்பார், புள்ளிகள் உலர்ந்து சுருக்கம் விழும். சரியாகக் கண்டுபிடித்தால் வாரக்கணக்கில் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை என்று ஆளைக் காப்பாற்றலாம். தவறவிட்டால் உயிர் போகும். மூத்திரமும் சளியும் தொடுகிற வேலை என்று சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டாடுகிற டாக்டரும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார்.

சரி, எந்தப் படிப்பு? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரி லேபில் உட்கார வேண்டுமென்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்பப் பட்டம்) அல்லது டி.எம்.எல்.டி. (அதிலேயே டிப்ளமா), அதுவும் மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியில். கலை அறிவியல் கல்லூரியின் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி நல்ல படிப்புதான், ஆனால் அது இழுத்துப் போவது வேறு பக்கம். தூத்துக்குடி இறால் ஏற்றுமதியில் 25 கிராமில் சால்மொனெல்லா கிருமி இல்லை என்று சோதிப்பது, மருந்து ஆலையில் ஊசிமருந்தை 14 நாள் வளர்த்துப் பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்வது, தண்ணீர்ப் பரிசோதனை, அப்புறம் எம்.எஸ்சி., ஆராய்ச்சி. உங்கள் மகள் கேட்ட கேள்வி நோயாளியைப் பற்றியது. அதனால் என் ஓட்டு எம்.எல்.டி.க்கு. அரசு லேப் டெக்னீஷியன் வேலை நோக்கமென்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, எந்தச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள் என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். பெரிய பட்டம் இருந்தால் போதும் என்று நினைத்துப் பிறகு தவித்தவர்கள் உண்டு.

ஆரம்பச் சம்பளம் சிறிய ஊர் லேபில் குறைவுதான், மறைக்க மாட்டேன். அதனால்தான் பணத்தில் கறாராக இருக்கச் சொல்கிறேன். இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். அரசுக் கல்லூரிக்கே முதல் விண்ணப்பம். பஸ் ஸ்டாண்ட் மாடியில் “நூறு சதவீத வேலை உத்தரவாதம்” என்று போர்டு மாட்டியவர்களிடம் போகவே வேண்டாம்.

சேர்வதற்கு முன் கண் மருத்துவரிடம் நிறப் பார்வைச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும் பிரித்துத் தெரியாவிட்டால் இந்த வேலை கஷ்டம். அப்புறம், தெரிந்த லேபில் கேட்டு ஒரு நாள் முழுக்க மகளை உட்கார வையுங்கள். காலையில் நாற்பது பிளேட் பார்த்த பிறகும் நாற்பத்தொன்றாவதை அதே கவனத்தோடு பார்க்கத் தோன்றுகிறதா என்று அவளே சொல்லட்டும். பெரியப்பாவை அன்றைக்குக் கூட அனுப்ப வேண்டாம்.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே ஒரு நாளைக்கு எத்தனை கல்ச்சர் வருகிறது, மாணவர்கள் கையால் பிளேட் இழுக்க விடுவார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.